மழை ஜெபமும் பச்சைக்கல்லும்

பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் நீர்ச் சுழற்சிக்கு ஒரு படம் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு பக்கம் கடல், மேலே சூரியன், அந்தப் பக்கம் மலை, மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஆற்றங்கரையில் கட்டாயம் ஒரு தென்னை மரம். அம்புக்குறிகள் கடலிலிருந்து கிளம்பி மேகத்துக்குப் போய், மலையில் மழையாக விழுந்து, மறுபடியும் கடலுக்கே வந்து சேரும். எவ்வளவு ஒழுங்கு! யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. அந்தப் படத்தில் ஒரு செங்கல் களத்தை வரைந்து நான் பார்த்ததே இல்லை.

இத்தனைக்கும் அந்தப் படத்தை நானே பல தடவை வரைந்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பட்டாபிராமில் ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ஏரி. ஏரிக்கு இந்தப் பக்கம் எங்களைப் போன்ற சூளைக்காரர்களின் குடிசைகள். அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். இரண்டுக்கும் நடுவில் ஏரிக்கரையோரம் ஓலை போட்ட ஒரு கோயில், வேதக்காரர்களாகிய, அதாவது கிறிஸ்தவர்களாகிய, எங்கள் எல்லோருக்கும் பொதுவானது. நான் பள்ளி இறுதி வகுப்பு தேறிவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்பதால் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள்.

ஞாயிறு பள்ளியை நடத்தியது குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு போர்மேனின் மனைவி. தெற்கத்திக்காரர். வெள்ளைச் சேலை, குடை, கையில் கறுப்பு அட்டை போட்ட வேதம். மழை என்றால் அவருக்கு உயிர். நதிகள் எல்லாம் கடலுக்குப் போயும் கடல் நிரம்பாமல் இருப்பதையும், ஆண்டவர் நீர்த்துளிகளை மேலே இழுத்து மேகத்திலிருந்து பொழியப் பண்ணுவதையும் வேதத்தில் எடுத்துக் காட்டி, "விஞ்ஞானம் இப்பதான் சொல்லுது. வேதம் எப்பவோ சொல்லியாச்சு. எவ்வளவு அழகா வட்டமா வச்சிருக்கார் பாரு" என்பார். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நான் அந்த வட்டத்தை நீல மையில் வரைந்து, பிள்ளைகளுக்குக் காட்டுவேன். நல்லவனுக்கும் பொல்லாதவனுக்கும் ஒன்றுபோல் மழை பெய்கிறது என்று சேர்த்துச் சொல்வேன்.

சொல்லும்போதே எங்கள் களம்தான் கண்முன் வரும். காரணம், என் அப்பா செங்கல் அறுப்பவர்.

அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தை பிறந்து ஏரி வற்ற ஆரம்பித்ததும் எங்கள் வேலை ஆரம்பிக்கும். ஏரி மண்ணை வெட்டி, தண்ணீர் ஊற்றி, அம்மாவும் நானும் மிதிப்போம். நைனா அச்சில் போட்டு அறுத்துக் களத்தில் வரிசையாக வைப்பார். அது பச்சைக்கல், அதாவது இன்னும் சுடாத கல். வெயிலில் காய்ந்த பிறகு அதைச் சூளையாக அடுக்கி, வெளியே சேறு பூசி, தீ மூட்டினால்தான் செங்கல். சூளையில் ஏற்றிப் பூசிவிட்டால் ஒரு மழையைச் சமாளித்துவிடலாம். அதுவரைக்கும் கால் மணி நேர மழை போதும், கல் மறுபடியும் மண்ணாகிவிடும்.

ஒரு தடவை போர்மேன் வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, நாங்க மண்ணுல ஊத்துற தண்ணிய வெயில்தானே எடுத்துகினு போவுது? அப்ப எங்க களத்துலருந்து போன தண்ணியே எங்க கல்லு மேல வந்து உழுமா?" உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அந்த வட்டம் உண்மையென்றால் எங்கள் கல்லின் ஈரமும் அந்த மேகத்தில்தானே இருக்க வேண்டும்?

அவர் சிரித்தார். "கேள்விக்கும் ஒரு அளவு உண்டும்மா. கர்த்தருடைய ஞானத்தை நாம ஆராயலாமா?" என்று சொல்லிவிட்டு, படத்தில் சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசச் சொன்னார். ஆராயாமல் எப்படிப் படம் வரைவது என்று எனக்குப் புரியவில்லை. பூசினேன்.

கோயிலில் குவார்ட்டர்ஸ்காரர்கள் முன்னால் பெஞ்சில் உட்காருவார்கள். நாங்கள் பின்னால் பாயில். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. ஆனால் எங்களில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை. நைனாவுக்கு இது உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது. வாய் திறந்து சொல்லமாட்டார். அந்த வருடத்து அறுப்பின் பண்டிகையில்தான் அது வெளியே வந்தது.

அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் உழைப்பின் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கும் நாள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, தேங்காய் என்று மேசை நிறைந்திருந்தது. நைனா ஒரே ஒரு செங்கல்லை வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அதன் நடுவில் வைத்தார். முன்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நைனா திரும்பி நின்று, "கோயிலுக்குச் சொவரு இல்ல, வெறும் தட்டிதான். வர்ற கோடையில ஒரு சூளை கல்லு நான் குடுக்கறேன். இது பொருத்தனை" என்றார். பொருத்தனை என்றால் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வது. சிரிப்பு நின்றது. உபதேசியார், அதாவது வாராவாரம் ஆராதனை நடத்துபவர், எழுந்து வந்து நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பண்டிகை முடிந்து எல்லாவற்றையும் ஏலம் விட்டபோது அந்தச் செங்கல்லை யாரும் கேட்கவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை வாசலில் முட்டுக் கொடுத்து வைத்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நைனா அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நம்ம கல்லுல கட்ன ஊட்ல நம்மள எவன் பின்னால தள்ளுவான்?" அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது எனக்கும் வேண்டியிருந்தது, அவரைவிட அதிகமாகவே.

அந்தக் கோடை கொடுமையான கோடை. போன பருவமும் சரியாகப் பெய்யவில்லை. குவார்ட்டர்ஸ் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வரும் நாளில் பெண்கள் குடத்தோடு ஓடுவதையும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடிப்பதையும் நானே பார்த்தேன். அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் ஏரி அடிவரைக்கும் காய்ந்து கிடந்ததால் எங்களுக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை. எங்கோ ஒரு பள்ளத்தில் ஊறிய தண்ணீரைச் சுமந்து வந்து, கையும் காலும் வெடிக்க வெடிக்க, கோயிலுக்கான கல்லை அறுத்தோம். களம் முழுக்கப் பச்சைக்கல். சூளையில் ஏற்ற இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அப்போது பார்த்து உபதேசியார் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தார். வெள்ளிக்கிழமை, பட்டினியாக, பகல் முழுக்க.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். யார் ஜெபிப்பது என்று முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். கண்ணை மூடி இருக்கும்போது உபதேசியார் திடீரென்று ஒருவரைக் கூப்பிடுவார், அவர் எழுந்து ஜெபிக்க வேண்டும். மறுக்க முடியாது. அன்று இரண்டு மூன்று பேர் முடித்த பிறகு, அவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை, "இப்பொழுது நம் சூளைக்கார அண்ணன் மழைக்காக ஜெபிப்பார்" என்றார்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். நைனா எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆண்டவரே, மழ வேணும். கொழந்தைங்க தண்ணி இல்லாம தவிக்குதுங்க, நீ பாத்துக்கினுதான் கீற. நீ குடுப்ப. ஆனா ஒண்ணு. உன் ஊட்டுக்கு வெச்ச கல்லு களத்துல கீது. சூளை ஏத்த இன்னும் ஒரு வாரம் ஆவும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்பால நீ எவ்ளோ வேணா ஊத்து."

கோயிலில் கடவுளை நீர் என்றுதான் சொல்வார்கள். நைனா நீ என்றார், களத்தில் கூட வேலை செய்பவரிடம் பேசுவதுபோல. அதை மன்னித்திருப்பார்கள். பொறுத்துக்கோ என்றதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. ஜெபம் முடிந்தால் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கத்தில் அம்மாவின் குரல் மட்டும் மெல்லிசாக வந்தது. நானும் சொல்லவில்லை. உடனே போர்மேன் வீட்டு அம்மா, யாரும் கூப்பிடாமலே எழுந்து, "கர்த்தாவே, இன்றைக்கே தாரும், தாமதியாமல் தாரும்" என்று உரக்க ஜெபித்தார். அதற்கு ஓலைக் கூரையே அதிர்கிற மாதிரி ஆமென் வந்தது.

வெளியே வந்ததும் அவர் நைனாவை நிறுத்தினார். "ஏண்ணே, உங்க செங்கலுக்காக எங்க பிள்ளைக ஒரு வாரம் தாகத்துல கெடக்கணுமாக்கும்?"

"கல்லு எனக்கில்லமா. கோயிலுக்கு."

"கோயிலுக்கும் மழைதாண்ணே முதல்ல" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

வழியெல்லாம் நான் நைனாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். "உன்ன யாரு நைனா அங்க போயி உண்மைய பேச சொன்னது? மழை தாரும்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே?"

"ஜெபத்துல பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவர் மேல் கோபமா, அவர்கள் மேல் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லோர் மேலும் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க, காய்ந்த வரைக்கும் போதும் என்று, ஓடி ஓடிச் சூளை அடுக்கினோம். பாதிதான் ஆனது. அந்தி சாய்ந்ததும் அம்மா, மீதிக் கல்லை ஓலைத் தட்டி போட்டு மூடிவிடலாம் என்றாள். கடைசியாக அறுத்த கல் இன்னும் ஈரம், மூடினால் காயாது என்றார் நைனா. "வானம் சுத்தமா கீது பாரு." மறுநாள் காலையில், இப்போதாவது மூடலாமா என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் மோசம். "ஞாயித்துக்கெழம நான் களத்துல காலு வெக்க மாட்டேன். ஆறு நாளு நம்ம வேல. இந்த ஒரு நாளு அவரு பாத்துப்பாரு." சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் இடி இடித்தது. வாசலில் முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லையும் தள்ளிக்கொண்டு காற்றில் கதவு படாரென்று சாத்தியது. அடுத்த நிமிடம் மழை. மண்வாசனை என்று எல்லோரும் ஆசையாகச் சொல்கிறார்களே, அது உள்ளே வந்தது. எங்கள் கல் நனையும்போது வரும் வாசனையும் அதேதான். முன்பெஞ்சு முழுக்க எழுந்து நின்று ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது. போர்மேன் வீட்டு அம்மா அழுதே விட்டார். ஓலை ஒழுகிய இடங்களில் காணிக்கைத் தட்டைக்கூட வைத்தார்கள். எல்லோரும் நின்று பாடினார்கள்.

நைனா மட்டும் பாயில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் ஆண்கள் பக்கம் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"நைனா, எழுந்துரு. தட்டி போடலாம் வா."

"உக்காரு."

"கல்லு கரையுது நைனா."

"இப்ப எழுந்து போனா, மழ வந்தது புடிக்காம போறான்னு ஆயிடும். உக்காருன்றேன்."

அந்த நிமிடம் அவரை உலுக்கி எடுக்க வேண்டும்போல இருந்தது. யாருடைய நல்ல பெயருக்காக இவர் உட்கார்ந்திருக்கிறார்? பாடுகிறவர்களில் ஒருவராவது திரும்பிப் பார்த்தாரா? அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வெளியே ஓடினேன்.

களத்துக்குப் போய் எதுவும் செய்ய முடியவில்லை. தட்டியை விரித்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. பச்சைக்கல் முதலில் முனை மழுங்கும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு எது எந்தக் கல் என்று தெரியாது. பாதி அடுக்கிய சூளை அடியில் இளகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக உட்கார்ந்தது. அம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தையே சொன்னேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

நைனா கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வந்தார். நனைந்த சலவைச் சட்டையோடு களத்தின் ஓரத்தில் நின்றார். குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, கையை மழையிலேயே கழுவினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்போதும் களத்துக்குள் கால் வைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. குழாயில் தண்ணீர் வருகிறது, கிணறு ஊறிவிட்டது என்று ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொன்னார்கள். நைனாவும் எழுந்தார். இப்போதாவது கேட்கப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மழ வந்துது, ஸ்தோத்திரம். கல்லு போயிடிச்சி. மண்ணு அங்கயேதான் கீது. தண்ணி வத்துனதும் திரும்ப அறுத்துக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கும் ஆமென் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் பக்கத்தில் வந்து, கமிட்டியில் பேசியாகிவிட்டது, கல் வெளியே வாங்கிக்கொள்வதாக முடிவு, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். சிரமமாம். பொருத்தனையை இப்படியும் ஒருவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பூந்தமல்லிப் பக்கத்துச் சூளையிலிருந்து லாரியில் கல் வந்து இறங்கியது. நைனா வேடிக்கை பார்க்கப் போனார். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா வெந்த கல்லு" என்றார். நான் வீட்டுக்கு வந்து பானையைப் போட்டு உடைத்தேன். சுவர் எழும்பியது. புதுச் சுவருக்குள் முன்னால் பெஞ்சும் பின்னால் பாயும் அப்படியே இருந்தன.

பருவ மழை மறுபடியும் ஏமாற்றியது. அடுத்த கோடையில் அதே குழாய், அதே லாரி, அதே சண்டை. ஏரியில் நாங்கள் மறுபடியும் மண் வெட்டினோம், இந்தத் தடவை கோயிலுக்கில்லை, வயிற்றுக்கு. உபதேசியார் மறுபடியும் மழை ஜெபம் வைத்தார். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். அதற்கு முந்தின சில நாட்களாக நைனா புதிதாகக் கல் அறுக்கவில்லை, களத்தில் இருப்பதே முதலில் காயட்டும் என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். இரண்டு பேர் ஜெபித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார். நீர்ச் சுழற்சியை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா.

நான் எழுந்தேன். ஒரு வருடமாக வாய்க்குள் கிடந்தது எல்லாம் கோயில் தமிழிலேயே வந்தது. "ஆண்டவரே, சூரியனை வைத்து நீரை மேலே எடுக்கிறவரே. எங்கள் களத்தில் காய்கிற கல்லின் ஈரமும் உம்முடைய மேகத்துக்குத்தான் வருகிறது. அதை நீர் வேண்டாமென்று சொன்னதில்லை. அப்படியானால் அந்த வட்டத்தில் நாங்களும் இருக்கிறோம். இவர்களுடைய தாகத்துக்கு மழை தாரும். ஆனால் அனுப்பும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேட்டு அனுப்பும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். பெஞ்சிலிருந்து எனக்கு எதுவும் வேண்டாம். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் போதும் என்று கண்ணை மூடியபடியே காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். நைனா தலை குனிந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ சொன்னதத்தானே நைனா நான் சொன்னேன்? நீயாவது ஒரு ஆமென் சொல்லக்கூடாதா?"

அவர் முன்னால் நடந்தார். ஏரிக்கரை ஏறி இறங்கியதும் எங்கள் களம் தெரிந்தது. களம் முழுக்க ஓலைத் தட்டி. ஒரு கல்கூட வெளியே தெரியாமல், கயிறு போட்டு இழுத்துக் கட்டி, மேலே பாரத்துக்குக் கருங்கல் வைத்திருந்தது. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. சில நாட்களாக அவர் ஏன் புதிதாகக் கல் அறுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூடினால் கெட்டுப்போகிற ஈரக்கல் எதுவும் களத்தில் இருக்கக் கூடாது என்று பார்த்திருக்கிறார்.

"எப்ப மூடன?"

"காலைல. நீ பாடம் எடுக்கப் போனதுக்கு அப்பால, நான் கோயிலுக்கு வர்றதுக்கு மின்னாடி."

"ஞாயித்துக்கெழமையா?"

அவர் குனிந்து, காற்றில் தூக்கியிருந்த ஒரு தட்டியின் ஓரத்தை இழுத்துக் கல்லுக்கு அடியில் செருகினார்.

"கேட்டுப் பாத்தாச்சிமா" என்றார். "இனிமே மூடி வெச்சிக்கலாம்."